கதிரி என்று எழுதிக்கொண்டார்கள்

முல்லைத்தீவுக் கோட்டையில்
ஒல்லாந்தரின் கணக்கப்பிள்ளை பேர் கேட்டான்.
விலங்கு போதவில்லை, தும்புக் கயிறுதான்.
முன்னால் நின்றவள் அழுது முடிக்கும்வரை
யோசிக்க நேரம் கிடைத்தது.
கனகநாச்சி என்றால் தலை போகும்.
வன்னிபத்தின் மகளைப் பிடித்துத் தருபவனுக்கு
எட்டு யானை விலை சொல்லியிருந்தார்கள்,
அப்பர் திறை கட்டாமல் விட்ட அதே எட்டு.

கதிரி என்றேன்.

எங்கள் வளவில் நெல்லுக் குத்தியவள்.
வாயில் வந்த பேர் அது ஒன்றுதான்.
தகப்பன் பேர்?
தெரியாது.
பிறந்த ஊர்?
பதினேழு வருஷம் அவள் குத்திய அரிசியைத் தின்றவள் நான்,
ஊர் தெரியாது.
கணக்கப்பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அடிமைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்.
ஒரு கோடு இழுத்துவிட்டு
அடுத்தவளைக் கூப்பிட்டான்.

குசினிக்கு விட்டார்கள்.
முதல் நாளே உள்ளங்கை கிழிந்து
தவிட்டில் இரத்தம்.
கதிரி உலக்கையை எப்படிப் பிடித்தாள்?
அவள் கை நினைவில் இல்லை,
சத்தம்தான் இருந்தது,
விடியப்புறம், என் நித்திரைக்குள்ளே:
இரண்டு குத்து, ஒரு மூச்சு,
இரண்டு குத்து.
அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பழகினேன்.
மூச்சு விழும் இடத்தில்தான்
இடுப்பு ஆறும் என்று
வன்னிபத்தின் மகளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கப்பித்தான் பெண்சாதியின் பீங்கான் கழுவ,
முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து கதவு சாத்த,
அடி விழமுன்னமே தோளைத் தளர்த்திக் கொடுக்க
எல்லாம் வந்தது.
கதிரி என்று கூப்பிட்டால் மட்டும்
அவளைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன்.
செவிடி என்று முடிவுகட்டினார்கள்.
நல்லதாய்ப் போயிற்று.

வைகாசி வந்தது.
நந்திக்கடலுக்கு அக்கரையில், வற்றாப்பளையில்,
உப்புநீரில் விளக்கெரியும் இரவு.
முதற் காளாஞ்சி எங்கள் வீட்டுக்கு.
அந்த வருஷம் அதை யார் கையில் கொடுத்தார்களோ,
நான் செதிள் ஒட்டிய கையோடு
பின்கதவில் நின்றேன்.

ஆவணியில் தேனும் மெழுகும் சுமந்து
காட்டூர்ச் சனம் திறைக்கு வந்தது.
ஒருவன் குடத்தை இறக்கினான்,
என்னைக் கண்டான்.
தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிற்று,
முதுகு தானாக வளைந்தது,
கை வாயைப் பொத்திற்று.
துப்பாசி எழுத்தை நிறுத்தினான்.

எத்தனை முதுகு அப்படி வளைந்திருக்கும் என் முன்னால்.
ஒன்றையும் பார்த்ததில்லை,
முற்றத்து வெயில்போல அது அங்கே கிடந்தது.
இன்றைக்கு ஒரு முதுகு
என்னைக் கொல்லப் பார்த்தது.

"நிமிரடா கூனா! குடத்தை அளவுக்குத் தூக்கு!"

கத்திய பிறகுதான் தெரிந்தது,
நான் போட்ட கடைசிக் கட்டளை அது.

உள்ளே சமையற்காரி கூப்பிட்டாள்,
"கதிரி, எத்தனை குடம்?"
அந்தப் பேரைக் கேட்டு அவன் நிமிர்ந்தான்.

"இவள் உனக்கு யாரடா?"
துப்பாசி கேட்டான்.
அவன் என்னையே பார்த்தான், கனநேரம்.
அவன் நெற்றி
எங்கேயோ பார்த்த நெற்றி.
"எங்கட கதிரி, ஐயா. தகப்பன் மாதன்.
குமுழமுனை.
என்ர தங்கச்சி."

துப்பாசி பழைய தோம்பைப் புரட்டி
கோடு கிடந்த இடத்தில்
இரண்டையும் எழுதிக்கொண்டான்.

தேன் குறைவென்று அவனுக்கு இரண்டு அடி.
வாங்கிக்கொண்டும் அவன் போகவில்லை.
கண்ணால் கேட்டுக்கொண்டே நின்றான்.

என்ன சொல்வேன்.
வளவு எரிந்த இரவு
என் பட்டை உடுத்துப் பல்லக்கில் ஏறியவள் அவள்.
அம்மா உடுத்திவிட்டா.
அவளை யாரும் கேட்கவில்லை.
பல்லக்கு பாலைமரங்களுக்குள் போனது.
பிறகு எனக்கும் தெரியாது.

"கதிரி!"
உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள்.
அவனும் நானும்
ஒன்றாய்த் திரும்பிப் பார்த்தோம்.